தக்கலைப் பக்கத்துச் சோப்பு வகுப்பு: நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன்

மே மாதம் ஒரு சனிக்கிழமை போன வகுப்பைப் பற்றி இப்போது, செப்டம்பரில் எழுதுகிறேன். வேண்டுமென்றேதான் இத்தனை நாள் காத்திருந்தேன். அடுப்பில் காய்ச்சாமல் செய்கிற சோப்பு ஆறித் தயாராக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வகுப்பு முடிந்த அன்று சாயங்காலமே எழுதியிருந்தால், ஈரக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு "ரொம்ப நல்லா இருந்தது" என்று மட்டும்தான் எழுதியிருப்பேன். அதற்கப்புறம் வீட்டில் நானே மூன்று தடவை செய்துவிட்டேன். அதில் ஒன்று கைவிட்டுப் போகப் பார்த்தது. மிச்சத்தைப் போட்டு வீட்டில் நான்கு பேர் குளிக்கிறோம். இனி எழுதலாம் என்று தோன்றுகிறது.

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். சோப்பு பக்கம் நான் போனதற்குக் காரணம் என் மாமி, அதாவது என் கணவரின் அம்மா. வயது 71. முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு செதில் செதிலாக நிற்கும். ராத்திரி சொறிந்து சொறிந்து கோடு விழுந்துவிடும். தோல் டாக்டர் எழுதித் தந்த களிம்பை இன்றும் போடுகிறோம். சோப்பு அதற்கு மாற்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்கிறேன். ஆனால் எந்தச் சோப்பைக் கொடுத்தாலும் மாமி "தொலி இழுக்குது" என்பார். பயறுமாவு தேய்த்துக் குளித்து வளர்ந்தவர். பிறந்த ஊர் தோவாளை, பூக்கட்டுகிற வீடு. நான் வகுப்புக்குப் போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "பிச்சி வாசத்துல சோப்பு செய்ய முடியுமான்னு கேட்டுட்டு வா மக்ளே."

வகுப்பு நடப்பது தக்கலையிலிருந்து குமாரகோவில் போகிற வழியில் ஒரு வீட்டில். நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கட்டணம் 1,500 ரூபாய். அதில் பொருள், சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு சாமான் பை எல்லாம் அடக்கம். காலை 9:30க்குத் தொடங்கி சாயங்காலம் 4:30 வரை. ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், எண்ணெயைச் சோப்பாக மாற்றுகிற, தோலை அரிக்கிற காரமான காஸ்டிக் சோடாவைக் கரைக்கிற வேலையை முப்பது பேரைக் கூட்டி மண்டபத்தில் வைத்துச் சொல்லித்தர முடியாது. ஆறு பேர் என்றால் ஒவ்வொருவர் கையையும் பார்க்கலாம். அவர் பார்த்தார்.

முதலில் அவர் எடுத்துவந்தது சோப்பு அச்சோ வாசனைக் குப்பியோ இல்லை. ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே அவர் இத்தனை வருடத்தில் கெடுத்துக்கொண்ட சோப்புகள். ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. ஒன்றில் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து, கிட்டே கொண்டுபோனால் சிக்கெண்ணெய் நாற்றம். நல்லெண்ணெயை அதிகம் போட்டு, சோப்பாக மாறாமல் நிற்கிற மிச்ச எண்ணெயும் அதிகம் விட்டதால் வந்தது. இன்னொன்று வெள்ளைப் பொடி பூத்து நடுவில் வெடித்திருந்தது. பச்சைக் கற்றாழையை அரைத்துக் கலந்த ஒன்றில் கருப்பாகப் பூஞ்சை. ஒரு மணி நேரம் அந்த டப்பாவிலேயே போனது. எனக்கு வகுப்பிலேயே பிடித்த பகுதி அதுதான். நானும் புதுப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தருகிறேன். தப்பாக வெட்டிய துணியை ஒளித்துவைக்காமல் காட்டுகிற ஆளிடம் வேலை கற்கலாம்.

அதே டப்பாவில்தான் மாமியின் கேள்விக்கும் பதில் இருந்தது. அக்கா ஒரு கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மேலே பழுப்பாக, எரிந்த காகிதம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பிச்சிப்பூ. தோவாளைச் சந்தையில் காலையில் வாங்கி, அன்றைக்கே இன்னும் இறுகாத சோப்பின் மேல் அடுக்கியதாம். மறுநாளே இந்த நிறம், மணம் துளியும் இல்லை. பூவின் மணம் சோடாவின் காரத்தைத் தாங்காது. ஆவியில் வடித்தாலும் மல்லி, பிச்சி வகைப் பூக்களின் மணம் சரியாக வராது. அதனால்தான் பெரிய ஆலைகளில் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கிறார்கள், அதற்கு மலைமலையாகப் பூ வேண்டும். "கடையில பத்து மில்லி நூறு ரூபாய்க்கு மல்லி எண்ணெய்ன்னு விக்கியது பூவுல இருந்து எடுத்தது இல்ல. போடுங்க, தப்பில்ல. ஆனா பூவுன்னு நெனச்சுப் போடாதீங்க" என்றார். எனக்கு மனசு கொஞ்சம் வாடத்தான் செய்தது. ஆனால் அதை அந்த வகுப்பில்தான் முதலில் உண்மையாகச் சொன்னார்கள். அதற்கு முன் நான் பார்த்த செய்முறைகளில் எல்லாம் ரோஜா இதழையும் மல்லியையும் தூவிவிட்டு அத்துடன் முடித்துவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து அது எப்படி இருக்கும் என்று யாரும் காட்டியதில்லை.

அப்புறம் தராசு. அரைநாளும் தராசுதான் என்று சொன்னாலும் தகும். அக்கா ஒரு அளவுக் குவளையில் 300 மில்லி தேங்காயெண்ணெய் ஊற்றி எடை பார்க்கச் சொன்னார். 276 கிராம் காட்டியது. "இந்த 24 கிராமை விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். ஒரு கிராம் தேங்காயெண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும்; நல்லெண்ணெய்க்கு 0.134, ஆமணக்கெண்ணெய்க்கு 0.128. அன்றைய கணக்கு: தேங்காயெண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150 கிராம், ஆமணக்கெண்ணெய் 50 கிராம். மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் 81.4 கிராம் சோடா வருகிறது. அதில் எட்டு சதவிகிதம் குறைத்து 75 கிராம்தான் போட வேண்டும். அந்த எட்டு சதவிகித எண்ணெய் சோப்பாக மாறாமல் அப்படியே நின்று தோலுக்கு மிருதுவைத் தரும். எண்ணெயை நிறுக்காமல் மில்லியில் அளந்து ஊற்றினால் 500க்குப் பதில் 460 கிராம்தான் விழும். அந்த 460க்கு 75 கிராம் சோடா ஏறக்குறைய சரியாக இருக்கும். மிச்சம் விட்ட எண்ணெய் மொத்தமும் காணாமல் போய்விடும். கை கொஞ்சம் தவறி இரண்டு கிராம் கூடினால், அது தோலை அரிக்கிற கட்டி.

ரவிக்கையில் கை இறக்கம் அரை இஞ்ச் தவறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிரித்துத் தைக்கலாம். இதைப் பிரித்துத் தைக்க முடியாது. அந்தக் கணக்கைப் போட்டுக்காட்டிய பத்து நிமிடத்துக்கே 1,500 ரூபாய் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

சோடா கரைப்பது வீட்டின் முன்பக்கப் படிப்புரையில், காற்றோட்டத்தில். கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் உறை, காலில் செருப்பு எல்லாம் கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். 150 கிராம் தண்ணீரில் 75 கிராம் சோடா கரையும்போது அடுப்பே இல்லாமல் 80 டிகிரியைத் தாண்டுகிறது. வெப்பமானியை நானே பிடித்துப் பார்த்தேன். எங்களுடன் வந்த ஒரு பெண் வீட்டிலிருந்து அலுமினியச் சருவம் கொண்டுவந்திருந்தார். அக்கா அதைச் சத்தமில்லாமல் வாங்கி வீட்டுக்குள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து காரணம் சொன்னார். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக்தான் சரி. கையில் பட்டால் வினிகர் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். "ஊத்தாண்டாம். குழாயைத் திறந்து தண்ணியில காட்டிட்டே இருங்க" என்றார். படிப்புரைக்குப் பக்கத்திலேயே வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தார். கண்ணாடி ஆறு பேருக்கு நான்குதான் இருந்தது, மாற்றி மாற்றிப் போட்டோம். அது குறைதான். அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

நம்மூருக்கென்று அவர் சொன்ன ஒரு விஷயம் எந்தச் செய்முறையிலும் நான் பார்க்காதது. காஸ்டிக் சோடா காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். மூடியைச் சரியாகத் திருகாமல் ஜூன் மாதம் அலமாரியில் வைத்தால் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கசியும். அதற்கப்புறம் 75 கிராம் என்று நிறுத்தாலும் அதில் ஒரு பங்கு தண்ணீர்தான். சோப்பு இறுகாமல் கொழகொழவென்று நிற்கும். சின்னப் பொட்டலமாக வாங்கி, திறந்ததும் முடித்துவிடுங்கள் என்றார்.

எண்ணெயும் சோடாத் தண்ணீரும் 40 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் கலந்து, கை பிளெண்டரால் விட்டுவிட்டு அடிக்க வேண்டும். பதம் பார்ப்பதை அக்கா தோசைமாவோடு ஒப்பிட்டார். கரண்டியில் எடுத்து மேலேயே ஊற்றினால் அந்தக் கோடு உடனே அமுங்காமல் ஒரு நொடி நிற்க வேண்டும். வீட்டில் மாவு ஆட்டுகிற யாருக்கும் இது கண்பதம், விளக்கம் தேவையில்லை.

மூலிகைகளை இந்தப் பதத்தில்தான் சேர்க்கிறோம். இங்கே ஒரு வேடிக்கை பார்த்தோம். மஞ்சள்தூளைப் போட்டதும் மாவு ரத்தச்சிவப்பாக மாறியது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்குமே, அதேதான், காரம் பட்ட மஞ்சள். துணியில் சாம்பார்க் கறையின் மேல் சோப்பு போட்டதும் சிவந்து நிற்பதை எத்தனையோ தடவை பார்த்து, சாயம் போய்விட்டதோ என்று பயந்திருக்கிறேன். காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறிய பிறகு அந்தச் சிவப்பு அடங்கி மங்கிய ஆரஞ்சாக நின்றது. வேப்பிலைப் பொடி முதலில் நல்ல பச்சை, ஆறாவது வாரம் காய்ந்த சாணி நிறம். கெட்டுப்போகவில்லை, நிறம் மட்டும்தான் போகிறது. மூன்று மாதம் ஆன பிறகும் பச்சைப்பசேலென்று நிற்கிற வேப்பிலைச் சோப்பைப் பார்த்தால், அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள் என்று அக்கா சொன்னார். ஒரு கட்டிக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் பொடி வேண்டாம். நைசாகச் சலித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலைக் கீறும். பச்சை இலை, பச்சை விழுது எதுவும் வேண்டாம்.

மத்தியானச் சாப்பாடு சோறு, மீன்குழம்பு, ஒரு துவரன். நன்றாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு உருக்கி ஊற்றுகிற சோப்பு. சோடா வேலையை ஏற்கனவே முடித்து விற்கிற வெள்ளைக் கட்டியை வெட்டி, கொதிதண்ணீரின் மேல் பாத்திரம் வைத்து உருக்கி, பொடியும் மணமும் கலந்து அச்சில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரத்தில் கையில் சோப்பு. பிள்ளைகளோடு செய்யலாம், பயமில்லை. எனக்கு அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் கொண்டுவந்த ஆவாரம்பூக் கட்டி ஜூலை மழையில் முத்து முத்தாக வியர்த்துப் பிசுபிசுத்தது. இறுகியதும் காற்றுப்புகாமல் சுற்றிவைக்கச் சொல்லியிருந்தார், நான்தான் திறந்து வைத்துவிட்டேன்.

குறைகளுக்கு வருகிறேன். வகுப்பின் பலவீனம் வாசனைதான். "மணமுள்ள மூலிகைச் சோப்பு" என்று சொல்லித்தான் சேர்க்கிறார்கள். ஆனால் வாசனை எண்ணெய்க்கு ஒதுக்கியது கடைசி இருபது நிமிடம். கையில் கொடுத்த குறிப்பில் "500 கிராம் எண்ணெய்க்கு வாசனை எண்ணெய் 15 கிராம்" என்று ஒரே வரி. எந்த எண்ணெய்க்கு எவ்வளவு என்று பிரிக்கவில்லை. அந்த ஒற்றை வரியால் வீட்டில் எனக்கு என்ன ஆனது என்று கீழே சொல்கிறேன். இன்னொன்று, சாமான் பையில் "வெட்டிவேர்" என்று எழுதிய ஒரு குப்பி இருந்தது. உண்மையான வெட்டிவேர் எண்ணெய் விற்கிற விலைக்கு அதை 1,500 ரூபாய் வகுப்பில் இலவசமாகக் கொடுக்க முடியாது. கேட்டதும் "இது செயற்கை மணம்தான்" என்று மறைக்காமல் ஒத்துக்கொண்டார். அப்படியானால் குப்பியிலும் அப்படியே எழுத வேண்டும். மல்லி எண்ணெயைப் பற்றி அத்தனை நேர்மையாகப் பேசியவர் கையிலிருந்து அந்தச் சீட்டு வந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. பையில் சிலிக்கான் அச்சு, ரப்பர் உறை, 500 கிராம் காஸ்டிக் சோடா, பொடிகள் இருந்தன. தராசு இல்லை. நாள் முழுக்கத் தராசைப் பற்றிப் பேசிவிட்டுத் தராசில்லாத பையைக் கொடுக்கலாமா? கட்டணத்தைக் கூட்டியாவது சேர்க்கலாம்.

சாயங்காலம் அன்று ஊற்றிய சோப்பை மூடிபோட்ட டப்பாவில் நாங்களே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். 24 மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டிய பொருளைத் தக்கலை பஸ் நிலையத்திலிருந்து திங்கள்சந்தை வரை மடியில் மட்டமாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். இன்னும் காரம் அடங்காத மாவு அது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டித்தான் தந்தார், சிந்தவில்லை. ஆனாலும் அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளும் வழி இருந்தால் நல்லது.

அந்தக் கட்டியைத் துண்டில் சுற்றிவைத்து மறுநாள் ஏழு துண்டாக வெட்டினேன். தையல் அறையில் துணி அடுக்குகிற மர அலமாரியின் மேல்தட்டில் காகிதம் விரித்து இடைவெளி விட்டு அடுக்கினேன். ஐந்து வாரம். வெட்டிய அன்று 100 கிராமுக்கு மேல் இருந்த கட்டி கடைசியில் 90க்கு வந்தது. அது தண்ணீர் போன கணக்கு.

முதல் தடவை நானே வீட்டில் செய்தது அதே அளவு, மணம் எதுவும் இல்லாமல், பயறுமாவு மட்டும் சேர்த்து. சரியாக வந்தது.

இரண்டாவது தடவைதான் கிராம்பு. என் சித்தி வீடு கீரிப்பாறையில். அந்தப் பக்கத்து மலைக் கிராம்பின் மணம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மாறாமலைப் பக்கம் விளைகிற நம் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021ல் புவிசார் குறியீடே கிடைத்தது. பிச்சி முடியாவிட்டால் போகட்டும், நம்மூர் மணம் ஒன்று மாமிக்குக் கொடுக்கலாம் என்று ஆசை. கோட்டாறில் ஒரு நாட்டுமருந்துக்கடையில் 10 மில்லி கிராம்பு எண்ணெய் வாங்கினேன். குறிப்பில் 15 கிராம் என்று இருக்கிறதே, முழுக்குப்பியும் அதைவிடக் குறைவுதான் என்று நினைத்துத் தோசைமாவுப் பதத்தில் ஊற்றினேன். எண்ணி முடிப்பதற்குள் மாவு கொழுக்கட்டை மாவாக இறுகிவிட்டது. பிளெண்டர் நின்றது. பாத்திரம் சுட்டது. ஊற்றவே முடியவில்லை, உறை போட்ட கையால் அள்ளி அச்சில் அடைத்தேன்.

அக்காவுக்கு போன் செய்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார். "எவ்வளவு ஊத்தினே?" என்பதுதான் முதல் கேள்வி. கிராம்பில் உள்ள யூஜெனால் என்கிற பொருள் சோப்பைச் சட்டென்று இறுக வைக்கும் என்று விளக்கினார். அதைவிட முக்கியமானதை அப்புறம் சொன்னார்: அதே பொருள் தோலையும் எரிக்கும், 500 கிராம் எண்ணெய்க்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது, அதையும் எண்ணெய் கொஞ்சம் எடுத்து அதில் கலந்து, மாவு இன்னும் தண்ணியாக இருக்கும்போதே ஊற்றிக் கரண்டியால்தான் கிளற வேண்டும். "மாமி காலுக்கு அதைக் குடுத்துராதே மக்ளே" என்றார். நான் விடவில்லை. இது குறிப்பில் இருந்திருக்க வேண்டும், எங்களில் வேறு யாராவது இதை ஊற்றிப் பிள்ளைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரிதான், என் தப்பு" என்றார். மறுநாள் காலையில் எங்கள் ஆறு பேருக்கும் புதிய குறிப்பு போனில் வந்தது. கிராம்பு, பட்டை, எலுமிச்சைப்புல் மூன்றுக்கும் தனித்தனி அளவு, பட்டை எண்ணெயைத் தோலில் படுகிற சோப்பில் போடவே வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு. வகுப்பு முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு இப்படிச் செய்கிறவரை நான் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

அந்தக் கிராம்புக் கட்டிகள் கரடுமுரடாக, கருப்பட்டித் துண்டு மாதிரி நிற்கின்றன. குளிக்க எடுப்பதில்லை. பின்வாசல் குழாயடியில் வைத்திருக்கிறேன். சாளையோ அயிலையோ வெட்டிய கையைக் கழுவுவதற்கு, அதுவும் நான் மட்டும். கையில் மீன் கவிச்சி நிற்பதில்லை.

மூன்றாவது தடவை மாமிக்காக. 25 கிராம் வெட்டிவேரைப் பொடிப்பொடியாக நறுக்கி, தேங்காயெண்ணெயில் போட்டு, கொதிதண்ணீரின் மேல் பாத்திரம் வைத்து இரண்டு மணி நேரம் மிதமாகச் சூடாக்கி, அப்படியே இரண்டு வாரம் ஊறவிட்டு வடிகட்டினேன். வாசனைக் குப்பி எதையும் தொடவில்லை. எண்ணெயாக இருக்கும்போது மணம் நன்றாகவே இருந்தது. சோப்பாகி ஐந்து வாரம் ஆறியதும் மூக்கருகே கொண்டுபோய் இழுத்தால்தான் தெரிகிறது. ஆனால் கையில் நுரை வரும்போது, வெட்டிவேர் போட்ட மண்பானைத் தண்ணீரைக் குடிக்கும் முன் வருகிற மணம் ஒரு கணம் வந்து போகும்.

மாமி ஆகஸ்ட் கடைசியிலிருந்து அதைத்தான் போடுகிறார். தொலி இழுக்கிறது என்ற பேச்சு குறைந்திருக்கிறது. அரிப்பு முழுக்கப் போகவில்லை; களிம்பும் தொடர்கிறது, வெந்நீரின் சூட்டையும் குறைத்திருக்கிறோம். அதனால் இதெல்லாம் சோப்பால் மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மூலிகைச் சோப்பு தோல் நோயைத் தீர்க்கும் என்று வகுப்பில் அக்காவும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கழுவி விடுகிற பொருள், அழுக்கைப் போக்கும், கடுமையாக இல்லாமல் இருக்கும், அவ்வளவுதான் என்றார்.

செலவு கேட்பவர்களுக்கு: செக்கு எண்ணெய்கள், சோடா, வெட்டிவேர் எல்லாம் சேர்த்து எனக்கு 290 ரூபாய் ஆனது. ஏழு கட்டி. ஒன்று ஏறக்குறைய 41 ரூபாய். அச்சு, தராசு, பிளெண்டர், கண்ணாடி விலை இதில் இல்லை. தேங்காயெண்ணெய் இப்போது விற்கிற விலைக்கு, மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். கடையில் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார்க்கவும் வகுப்பில் சொல்லித்தந்தார்கள். டி.எஃப்.எம். என்று போட்டிருக்கும், சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது; முதல் தரக் குளியல் சோப்பு என்றால் அது 76 சதவிகிதமாவது இருக்க வேண்டும். "பேத்திங் பார்" என்று அச்சிட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். இந்த வித்தியாசம் தெரிந்தபின் கடையில் வாங்குவதையும் பார்த்து வாங்குகிறேன்.

கடைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் அலமாரி மேல்தட்டைப் பார்த்துவிட்டு விலை கேட்கிறார்கள். விற்பதில்லை. காசு வாங்கி விற்க வேண்டுமானால் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று விளம்பரம் செய்கிற வகுப்புகள் இதைச் சொல்வதே இல்லை. அக்கா சாப்பாட்டு வேளையில் உட்காரவைத்துச் சொன்னார். வியாபாரம் தொடங்குகிற எண்ணத்தில் இருந்த இரண்டு பேருக்கு முகம் மாறியது. ஆனால் காசைப் போட்ட பிறகு தெரிந்துகொள்வதைவிட அது நல்லது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று வாசனைக் குறிப்புக்கும், அந்த வெட்டிவேர்க் குப்பிக்கும். மணத்துக்காக மட்டும் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். காஸ்டிக் சோடாவை நினைத்துப் பயந்து இத்தனை நாள் தள்ளிப்போட்டவர்கள் கட்டாயம் போகலாம். சின்னக் குழந்தை எந்நேரமும் காலைச் சுற்றுகிற வீடு என்றால் இப்போதைக்கு உருக்கி ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் என் மைனி போகிறாள். சொந்தக் கண்ணாடி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், என் தராசைக் கொடுத்தனுப்புகிறேன். மாமி இன்னும் பிச்சியை விடவில்லை. வெட்டிவேர்க் கட்டியில் கடைசி இரண்டை எடுத்துத் தன் துணிப்பெட்டியில் வைத்துக்கொண்டு, மேலே ஒரு முழம் பிச்சி போட்டு மூடியிருக்கிறார். பூவைத் தினமும் மாற்றுகிறார். சோப்பில் மணம் ஏறுமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பெட்டியைத் திறந்தால் சேலைகள் மணக்கின்றன.